கதவு எந்தப் பக்கம்?

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, எங்க ஹாஸ்டல் ரெண்டாவது மாடி வராந்தாவுல எட்டுப் பேர் ஒரே உருட்டுல செத்துப் போனாங்க. பயப்படாதீங்க, எட்டும் பிளாஸ்டிக் பொம்மை.

நாங்க ஆறு பேர் சேர்ந்து ஒரு வார்கேம் விளையாடறோம். கதை நடக்கிறது கி.பி. 2240-ல. இடம் பாலக்காட்டுக் கணவாய். வாளையார்ல ஆரம்பிச்சு பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, ஆழியாறு வாய்க்கால் வரைக்கும் ஒரு பெரிய பிளைவுட்ல மேப். வாய்க்காலுக்கு நீல டேப், தென்னை மரத்துக்குப் பல்குச்சி. வண்டிகளை நாங்களே டிசைன் பண்ணிக்கணும், அதுதான் இதுல பாதி சுகம்.

அன்னிக்கு என் ரூம்மேட் "கொம்பன்"னு ஒரு லைட் டாங்க் கொண்டு வந்தான். 24 டன். 105 மில்லிமீட்டர் பீரங்கி. ரெண்டு பக்கமும் ஏவுகணை. அதுக்கும் மேல உள்ளே எட்டு சிப்பாய். கொம்பன் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி முதல் ஆளா முன்னால போச்சு. எதிரணி ட்ரோன் அடிச்சது. டைஸ்ல ஆறு விழுந்தது. டாங்க் காலி. கூடவே எட்டுப் பொம்மையையும் எடுத்து டப்பாவுல போட்டுட்டு, "அடுத்த டர்ன் யாரு?"ன்னு கேட்டாங்க.

நான் சும்மா இருக்காம ஒண்ணு கேட்டேன். "டேய், இந்த எட்டுப் பேரும் எந்த வழியா இறங்கியிருக்கணும்?" ரூம்மேட் டிசைன் ஷீட்டை எடுத்துப் பார்த்தான். முன்பக்கக் கவசம் இருந்தது, பக்கவாட்டுக் கவசம் இருந்தது. எத்தனை குண்டு, எத்தனை குதிரைத்திறன், பாலத்துல ஏறுற எடை எல்லாமே இருந்தது. கதவு மட்டும் இல்லை. "கதவா? எங்கயாவது இருக்கும்டா."

அந்த "எங்கயாவது" பத்தித்தான் இந்தக் கட்டுரை. என்னோட கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஆள் ஏத்துற டாங்க் வரையறவங்க முதல் கோடு போட வேண்டியது கதவுக்கு. பீரங்கி அதுக்கு அப்புறம்தான். கேமா இருந்தாலும் சரி, நிஜமா இருந்தாலும் சரி.

ஒரே சேஸிஸ், பல பாடி

"வேரியன்ட்"ங்கற சமாசாரம் நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசு இல்லைங்க. கரூர்ல போய்ப் பாருங்க. கம்பெனியில இருந்து வெறும் சேஸிஸ் வரும், அதே சேஸிஸ்ல ஒருத்தருக்கு ரூட் பஸ், இன்னொருத்தருக்கு ஆம்னி பஸ் கட்டிக் கொடுப்பாங்க. நாமக்கல்ல லாரி பாடி, டேங்கர் எல்லாம் கட்டறாங்க. திருச்செங்கோடு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போய் போர் போடுது.

அந்த ரிக் வண்டியை எத்தனை பேர் கவனிச்சிருக்கீங்க? அது தனியா போறதே இல்லை. ரிக் ஒரு லாரியில இருக்கும். பின்னாலயே இன்னொரு லாரி வரும். அதுல குழாய், ஆளுங்க, சமையல் பாத்திரம், படுக்கை. ஒரே லாரியில எல்லாத்தையும் ஏத்திடலாமேன்னு யோசிக்கத் தெரியாதவங்க இல்லை அவங்க. துளை போடற மெஷினும் ஆளும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டா ரெண்டும் கெடும்னு அனுபவத்துல தெரிஞ்சுக்கிட்டவங்க.

நான் ஆறு செமஸ்டர் படிச்சு முடிச்ச அப்புறம்தான் இது எனக்கு உறைச்சது. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு "வெஹிக்கிள் ஆர்க்கிடெக்சர்"னு சொன்னாத்தான் பாடம் மாதிரி தெரியுது. "பாடி கட்டறது"ன்னா வேலை மாதிரி தெரியுது. ரெண்டும் ஒண்ணுதான்.

ரெண்டு லைட் டாங்க், ரெண்டு கதவு

இப்போ நிஜத்துக்கு வருவோம். 1965-ல நம்ம ராணுவத்துக்கிட்ட ரெண்டு வகை லைட் டாங்க் இருந்தது. ஒண்ணு பிரான்ஸ்ல செஞ்ச ஏ.எம்.எக்ஸ்.-13. அந்த வருஷப் போர்ல சம்ப் பகுதியில 20 லான்சர்ஸ் ரெஜிமென்ட் ஓட்டினது இதைத்தான். இன்னொண்ணு சோவியத் யூனியன்ல செஞ்ச பி.டி.-76. இது தண்ணியில மிதக்கும். 1971 நவம்பர்ல கரீப்பூர் சண்டையில 45 கேவல்ரி ரெஜிமென்டோட 14 பி.டி.-76 டாங்க், 14 பஞ்சாப் பட்டாளத்தோட காலாட்படைக்குத் துணையா நின்னுச்சு. 2023-ல ஓ.டி.டி.யில வந்த "பிப்பா" படம் பார்த்தவங்களுக்கு இது தெரியும். தண்ணியில காலி நெய் டின் மாதிரி மிதக்கிறதால அந்த டாங்குக்கு அப்படி ஒரு பட்டப்பேர்.

ரெண்டும் ஏறக்குறைய ஒரே எடை, 14, 15 டன். ரெண்டையும் அடிப்படையா வெச்சு ஆள் ஏத்துற வண்டி செஞ்சாங்க. ஆனா ரெண்டும் ஒரே மாதிரி அமையலை. காரணம் எஞ்சின்.

ஏ.எம்.எக்ஸ்.-13-க்கு எஞ்சின் முன்னால. அதனால டரெட்டை எடுத்துட்டு பின்னால பெட்டி மாதிரி கட்டினதும், பின்பக்கக் கதவு தானா அமைஞ்சது. ஏ.எம்.எக்ஸ். வி.சி.ஐ.ன்னு பேர், 10 சிப்பாய் ஏறலாம். வண்டி நின்னதும் கதவைத் திறந்து, வண்டியையே கேடயமா வெச்சுக்கிட்டு இறங்கலாம்.

பி.டி.-76-க்கு எஞ்சின் பின்னால. தண்ணியைத் தள்ளுற ஜெட்டும் பின்னாலதான். அதுல இருந்து பி.டி.ஆர்.-50ன்னு ஒரு வண்டி செஞ்சாங்க. 20 சிப்பாய் ஏறலாம்! ஷீட்டுல பார்த்தா பி.டி.ஆர்.-50 ஜெயிச்சிடும், 20-க்கு 10. ஆனா எஞ்சின் வழியை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதால அந்த 20 பேரும் இறங்கணும்னா மேல ஏறி, பக்கவாட்டுச் சுவரைத் தாண்டிக் குதிக்கணும். சுடறவன் கண்ணுக்கு நேரா. ஆரம்பத்துல கூரையே இல்லை. அப்புறம் வந்த மாடல்ல கூரை போட்டாங்க, ஆள் கூரையில இருக்கிற மூடியைத் திறந்துதான் வெளிய வரணும்.

இதையே செக்கோஸ்லோவாக்கியாவும் போலந்தும் டோபாஸ்ங்கற பேர்ல செஞ்சப்போ பக்கவாட்டுல கதவு வெட்டினாங்க. நம்ம ராணுவமும் டோபாஸ் வண்டிகளை வெச்சிருந்தது. ஒரு கதவுக்காக ஒரு நாடு இன்னொரு நாட்டு டிசைனைத் திருத்தியிருக்கு, யோசிச்சுப் பாருங்க.

நம்ம கேம்ல இந்த வித்தியாசம் எங்கயாவது வருதா? பேட்டில்டெக் எடுத்துக்கோங்க. 1980-கள்ல இருந்து வர்ற விளையாட்டு. டன் கணக்கு போட்டு வண்டி கட்டறதுல அதை மிஞ்ச ஆளில்லை, எங்க விதிகளுக்கும் அதுதான் தாய்வீடு. அதுல ஸ்கார்பியன்னு ஒரு லைட் டாங்க், 25 டன். அதோட ஆட்டோகேனன் மட்டும் 8 டன். பீரங்கியைக் கழட்டினா 8 டன், குண்டு ஒரு டன், ஆக 9 டன் மிச்சம். அதுல ஆளை ஏத்திக்கோ, கணக்கு முடிஞ்சது. கணக்கு பெரும்பாலும் டன்லதான் ஓடுது. எஞ்சின் முன்னாலயா பின்னாலயான்னு அந்த ஷீட் கேட்கவே கேட்காது.

ஆனா ஆளுக்கு வேண்டியது டன் இல்லைங்க. துப்பாக்கி, கவசச் சட்டை, பை எல்லாத்தோடயும் ஒரு சிப்பாய் 110 கிலோன்னு வெச்சாக்கூட எட்டுப் பேர் ஒரு டன்னைத் தாண்ட மாட்டாங்க. ஆளுக்கு வேண்டியது இடம். முழங்காலுக்கு இடம், தலைக்கு இடம், எழுந்து திரும்ப இடம், வெளிய போக வழி.

வராந்தாவுல ஒரு லேப்

ரூம்மேட் ஒத்துக்கலை. "2240-லடா. எஞ்சின் ஷூ பாக்ஸ் சைஸ்ல இருக்கும்."

சரி, எஞ்சின் ஷூ பாக்ஸாவே இருக்கட்டும்னு விட்டுக்கொடுத்தேன். கொம்பனோட நீள அகலத்துல இருந்து டரெட், குண்டு வைக்கிற இடம், டிரைவர், ஏவுகணை எல்லாம் கழிச்சோம். பின்னால மிஞ்சினது 1.7 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். அதை அப்படியே வராந்தாத் தரையில சாக்பீஸ்ல வரைஞ்சோம். எட்டுப் பேர் லேப்டாப் பையை மாட்டிக்கிட்டு உள்ளே உட்கார்ந்தோம். உயரத்துக்கு ஒரு பெட்ஷீட்டை ரெண்டு பேர் தலைக்கு மேல பிடிச்சாங்க. ஒரு பக்கம் ஒரு கதவு அளவுக்குக் கோட்டை அழிச்சு விட்டோம்.

"இறங்கு"ன்னதும் முதல் ஆள் மூணு விநாடியில வெளிய. கடைசி ஆள் 26 விநாடி. அந்தக் கடைசி ஆள் ரூம்மேட்தான். மூலையில உட்கார்ந்திருந்தான். அவன் பை இன்னொருத்தன் பையில மாட்டிக்கிச்சு. சிரிப்பு தாங்கலை எங்களுக்கு. ஆனா "இன்னொரு தடவை செய்யலாம்"ன்னப்போ அந்த மூலையில உட்கார ஒருத்தனும் முன்வரலை. தீயும் இல்லை, புகையும் இல்லை, மேல பெட்ஷீட் மட்டும்தான். அதுக்கே அப்படி.

எஞ்சின் சின்னதாகலாம். கவசம் லேசாகலாம். பீரங்கிக்குப் பதிலா லேசர் வரலாம். 2240-லயும் மனுஷன் முழங்காலை மடிச்சுத்தான் உட்கார முடியும். சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல எதை வேணும்னாலும் மாத்திக்கலாம், உள்ளே உட்கார்ந்திருக்கிறவனை மாத்தினா அப்புறம் அது காலாட்படை இல்லை, சரக்கு.

பீரங்கியும் ஆளும் சேர்ந்தா

"அப்போ பி.எம்.பி. எப்படி?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பி.எம்.பி.-2 வண்டியில 30 மில்லிமீட்டர் பீரங்கியும் இருக்கு, ஏவுகணையும் இருக்கு, மூணு பேர் குழுவோட ஏழு சிப்பாயும் ஏறலாம். எடை 14 டன் சொச்சம், மிதக்கவும் செய்யும். நம்ம நாட்டுல இதுக்கு சரத்னு பேர், மேடக் தொழிற்சாலையில செஞ்சது. எஞ்சின் முன்னால, கதவு பின்னால.

அருமையான வண்டிதான். ஆனா எங்கே விட்டுக்கொடுத்தாங்கன்னு பாருங்க. உயரம் குறைவா இருக்கணும், பீரங்கி வேணும், ஆளும் வேணும், டீசலும் வேணும். இடம் பத்தலை. அதனால பின்னால ரெண்டு வரிசையா ஒருத்தருக்கொருத்தர் முதுகு காட்டி உட்கார்ற இருக்கைக்கு நடுவுல டீசல் டேங்க் வந்துடுச்சு. அதுவும் போதாம பின்பக்கக் கதவையே உள்ளீடில்லாம செஞ்சு அதுலயும் டீசல் ஊத்தினாங்க. சிப்பாய் வெளிய வர்ற கதவு, எரிபொருள் டேங்க்! சண்டைக்குள்ள போறதுக்கு முன்னால கதவுல இருக்கிறதைக் காலி பண்ணிக்கலாம்ங்கறது ஏற்பாடு. ஏற்பாடு எப்பவும் நடக்குமாங்கறது வேற விஷயம்.

அதே பி.எம்.பி.-2 சேஸிஸ்ல நம்மாளுங்க வேற என்னெல்லாம் செஞ்சாங்கன்னும் பார்க்கணும். நாக் ஏவுகணை ஏந்துற நமிகா வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. சென்னை ஆவடியில இருக்கிற சி.வி.ஆர்.டி.ஈ. ஆய்வகம் முந்த்ராங்கற ஆளில்லா வண்டியையே செஞ்சது. ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்கு. ஏவுகணை வண்டியில ஆம்புலன்ஸையும் சேர்த்துடலாமேன்னு யாரும் கேட்கலை.

பிரிட்டன்ல 1970-கள்ல வந்த ஸ்கார்பியன் குடும்பம் இதைவிடத் தெளிவான உதாரணம். இது நிஜ ஸ்கார்பியன், பேட்டில்டெக் ஸ்கார்பியன் இல்லை. 8 டன்தான், 76 மில்லிமீட்டர் பீரங்கி. அதே அடிப்படையில ஆள் ஏத்த ஸ்பார்ட்டன், காயம்பட்டவங்களுக்கு சமாரிட்டன், கட்டளை அதிகாரிக்கு சுல்தான், மாட்டிக்கிட்ட வண்டியை இழுக்க சாம்சன். ஸ்பார்ட்டன்ல டரெட்டே கிடையாது. அப்படியும் மூணு பேர் குழுவைத் தவிர நாலு பேர்தான் ஏற முடியும். எட்டு டன் வண்டியில பீரங்கியைத் தூக்கி எறிஞ்ச அப்புறமும் நாலு! நம்ம கொம்பன் பீரங்கியோட எட்டு.

உயிர் முக்கியம்னு தோணினப்போ

1948 நவம்பர் 1. காஷ்மீர்ல சோஜி லா கணவாய். 7-வது லைட் கேவல்ரியோட ஸ்டூவர்ட் லைட் டாங்க், அதுவரைக்கும் டாங்க் வரவே முடியாதுன்னு எல்லாரும் நினைச்ச உயரத்துக்கு ஏறி வந்தது. பாதை போட்டுக் கொடுத்தது மெட்ராஸ் சாப்பர்ஸ், நம்ம ஊர்ப் படைப்பிரிவு. வழியில இருந்த பாலங்கள் எடை தாங்கணும்னு டரெட்டைத் தனியாக் கழட்டி எடுத்துட்டுப் போய் திரும்ப மாட்டினாங்க. டாங்க்ல கழட்டக்கூடியது எதுன்னு கேட்டா பதில் டரெட்தான்.

அதே ஸ்டூவர்ட்டை ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டன் படை வேற காரணத்துக்காகக் கழட்டிச்சு. டரெட்டை எடுத்துட்டு, அந்த இடத்துல ஆளை ஏத்தினாங்க. இந்த வகை வண்டிகளுக்குக் கங்காருன்னு பேர். கதை தொடங்கினது 1944 ஆகஸ்ட்ல, பிரான்ஸ்ல கான் நகரத்துக்குத் தெற்கே. திறந்தவெளியில நடந்து போற காலாட்படை அறுவடையில கதிர் விழற மாதிரி விழறதைப் பார்த்த கனடா படைத்தளபதி கை சைமண்ட்ஸ், பிரீஸ்ட்ங்கற பீரங்கி வண்டிகள்ல இருந்த பீரங்கியைப் பிடுங்கிட்டு ஆளை ஏத்தச் சொன்னார். அப்புறம் ராம்ங்கற டாங்க்கையும் அப்படியே மாத்தினாங்க.

கவனிங்க, அவருக்குப் பீரங்கி வேண்டாம்னு இல்லை. பீரங்கி பக்கத்துலயே வேற வண்டியில வந்தது. ஆள் ஏத்துற வண்டிக்கு ஆள் ஏத்துறது மட்டும்தான் வேலை. திருச்செங்கோடு கணக்கு.

எதிர்க்கட்சி வாதம்

என் கட்சிக்கு எதிரா நல்ல வாதங்கள் இருக்கு. மறைக்கலை.

முதல் வாதம் மெர்காவா. இஸ்ரேல் டாங்க், எஞ்சின் முன்னால, பின்னால கதவு, பெரிய பீரங்கி, தேவைப்பட்டா உள்ளே சிப்பாயும் ஏறலாம். "பாத்தியா, முடியும்!"னு ரூம்மேட் குதிச்சான். முடியும்தான். ஆனா அது 60 டன்னைத் தாண்டின வண்டி, லைட் டாங்க் இல்லை. சிப்பாயை ஏத்தணும்னா பின்னால இருக்கிற குண்டுகளை இறக்கணும். இதைவிட முக்கியமா, ஆள் ஏத்துறதையே வேலையா எடுத்தப்போ அதே நாடு மெர்காவா அடிப்படையில நமேர்னு தனி வண்டி செஞ்சது. டரெட் இல்லாம.

ரெண்டாவது வாதம் ஆளில்லா டரெட். ஜெர்மனியோட பூமா வண்டியில டரெட்டுக்குள்ள யாரும் உட்கார்றதில்லை, கீழே இருந்தே இயக்கலாம். அதனால உள்ளே இடம் மிஞ்சுது. சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கு இதுதான் சரியான திசை, ஒத்துக்கறேன். ஆனா பூமாவுல ஏறுற சிப்பாய் ஆறு பேர். வண்டி எடை 30 டன்னைத் தாண்டுது, முழுக் கவசம் மாட்டினா 40-ஐயும் தாண்டுது. தொழில்நுட்பம் உதவி செய்யும், பில்லும் போடும்.

மூணாவது வாதம்தான் எனக்குப் பிடிச்சது. "இது கேம்டா. ஜாலிக்கு விளையாடறோம். இதுல எதுக்கு இவ்வளவு?" சரி, ஜாலியான கேமையே பார்ப்போம். வார்ஹேமர் 40,000-ல ரைனோன்னு ஒரு வண்டி, ஆள் ஏத்த மட்டும். அதே உடம்புல பெரிய பீரங்கி வெச்சா பிரிடேட்டர், அதுல ஒருத்தரும் ஏற முடியாது. நடுவுல ரேசர்பேக், சின்ன டரெட் இருக்கு, ஆனா ரைனோவுல ஏறுறதுல ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஏறலாம். ஒண்ணைக் கொடுத்தாத்தான் ஒண்ணு. வண்டி வெடிச்சா உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியா டைஸ் உருட்டணும். அவ்வளவு பெரிய கற்பனை உலகமே ஒவ்வொருத்தனுக்கும் ஒரு டைஸ் கொடுக்குது. நாம எட்டுப் பேரை அள்ளி டப்பாவுல போட்டோம்.

குட்டி யானை

இந்த விஷயம் என்னை ஏன் இவ்வளவு உறுத்துதுன்னு யோசிச்சேன். எனக்கு ஒன்பது வயசு இருக்கும். ஆடி மாசம் குலதெய்வக் கோயில்ல கிடா வெட்டு. சொந்தக்காரங்க எல்லாரும் ரெண்டு குட்டி யானையில போனோம். சரக்கு வண்டிதான், எல்லாருக்கும் தெரியும். பின்னால பாத்திரம், அரிசி மூட்டை, நடுவுல ஆளுங்க. சைடு பலகையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டே போறது எங்களுக்கெல்லாம் ஒரே குஷி. ஒரு வளைவுல வண்டி சாய்ஞ்சு மண்ணுல சறுக்கி நின்னுச்சு. கவிழலை. ஆனா பின்பலகைக் கொண்டி நசுங்கி மாட்டிக்கிச்சு, திறக்க வரலை. சாம்பார் அண்டா காலு மேல விழுந்து அத்தை கத்தினது இன்னும் காதுல இருக்கு. பெரியவங்க பலகையைத் தாண்டிக் குதிச்சாங்க, எங்களைத் தூக்கி வெளிய போட்டாங்க. அப்பத்தாவைத்தான் இறக்க முடியலை. கொண்டியைக் கல்லுல தட்டி எடுக்கிற வரைக்கும் அப்பத்தா மூட்டை மேல உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்லை, புள்ளைகளைப் பாருங்க"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க.

சரக்கு வண்டியில ஆள் ஏத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. சட்டத்துக்குப் பின்னால இருக்கிற காரணம் இதுதான். சரக்கு தானா இறங்கணும்னு அவசியமில்லை, யாராவது வந்து இறக்குவாங்க. ஆளு தானா இறங்கணும், அதுவும் அவசரத்துல. பி.டி.ஆர்.-50-ல சுவரைத் தாண்டிக் குதிச்ச சிப்பாயும், குட்டி யானைப் பலகையைத் தாண்டிக் குதிச்ச எங்க மாமாவும் ஒரே டிசைன் தப்புக்குள்ளதான் உட்கார்ந்திருந்தாங்க. "எத்தனை பேர் ஏறலாம்"னு கேட்டுட்டு, "எத்தனை பேர் இறங்கலாம்"னு கேட்காத தப்பு.

இது நம்ம வேலை

நாம பைனல் இயர். இன்னும் சில மாசத்துல யாராவது நமக்குச் சம்பளம் கொடுத்து கோடு போடச் சொல்லப் போறாங்க. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துல சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோட கோயம்புத்தூரும் ஒரு மையம். கொடிசியாவுல பாதுகாப்புத் துறைக்குன்னே ஒரு புதுமை மையம் இருக்கு. பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செஞ்ச பட்டறைகள் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டிருக்கு.

ஜோராவர் லைட் டாங்க் பத்திப் படிச்சிருப்பீங்க. 25 டன், 105 மில்லிமீட்டர் பீரங்கி. 2020-ல லடாக் எல்லையில பிரச்சினை வந்தப்போ, 40 டன்னுக்கு மேல இருக்கிற டாங்க்குகளை அந்த உயரத்துல வெச்சுச் சமாளிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சது. அதுக்குப் பதிலா ஆவடி சி.வி.ஆர்.டி.ஈ.யும் எல் அண்ட் டி கம்பெனியும் சேர்ந்து இதை உருவாக்கி, 2024 ஜூலையில ஹசிராவுல வெளிய காட்டினாங்க. ஒரு நல்ல லைட் டாங்க் வந்தா, அடுத்து "இதுல ஆள் ஏத்துற வேரியன்ட் வருமா"ங்கற கேள்வி தானா வரும். ஏ.எம்.எக்ஸ்.-13-க்கு வந்தது, பி.டி.-76-க்கு வந்தது, ஸ்கார்பியனுக்கு வந்தது. அப்படி ஒரு நாள் வந்தா அந்த டிராயிங் போடறவங்க நம்ம வயசுக்காரங்களா இருக்கலாம். நம்ம கிளாஸ்ல இருந்தே ஒருத்தரா இருக்கலாம். வராந்தாவுல "கதவு எங்கயாவது இருக்கும்"னு பழகின கை, ஆபீஸ்ல மட்டும் வேற மாதிரி வரையுமா? கை பழகினதைத்தான் வரையும்.

டாங்க் வேண்டாம், பஸ் சீட் வரையறவங்க, மில்லுக்கு ஆளேத்துற வேன் பாடி வரையறவங்க, லிஃப்ட் வரையறவங்க, எல்லாருக்கும் இதே கேள்விதான்.

மூணு விதி

சும்மா குறை சொல்லிட்டுப் போனா நல்லா இருக்காது. எங்க கேம்ல இப்போ மூணு விதி சேர்த்திருக்கோம். உங்க ஹாஸ்டல்ல விளையாடறவங்க எடுத்துக்கலாம்.

ஒண்ணு. ஆள் ஏத்துற எந்த வண்டியா இருந்தாலும் ஷீட்டோட மேலிருந்து பார்க்கிற படம் ஒண்ணு வரணும். எஞ்சின் எங்கே, இருக்கை எங்கே, கதவு எங்கே. படம் இல்லைன்னா ஆள் ஏறக்கூடாது.

ரெண்டு. ஆள் உள்ளே உட்கார்ற டரெட் இருந்தா ஏத்துற ஆள் பாதி. பெரிய பீரங்கி இருந்தா ஒருத்தரும் இல்லை. விதிவிலக்கு வேணும்னா எடையை ஏத்திக்கோ, ஆனா அப்புறம் ஆழியாறு வாய்க்கால் பாலம் உன்னைத் தாங்காது.

மூணு. வண்டி அடிபட்டா ஒவ்வொரு பொம்மைக்கும் தனி உருட்டு. பின்கதவு இருந்தா 1, 2 விழுந்தாத்தான் சாவு. கூரை வழியாத்தான் வெளிய வரணும்னா 4 வரைக்கும் சாவு. ஆட்டம் முடியறப்போ உயிரோட இருக்கிற காலாட்படைக்கும் பாயிண்ட்.

மூணாவது விதி வந்ததுல ஆட்டமே மாறிடுச்சு. முன்னால யாரும் வண்டியை நிறுத்தி ஆளை இறக்கவே மாட்டாங்க, ஏத்திக்கிட்டே சுத்துவாங்க. இப்போ எங்கே நிறுத்தறது, எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தறது, தோப்புக்கு முன்னாலயா பின்னாலயான்னு ஒவ்வொரு டர்னுக்கும் அஞ்சு நிமிஷம் யோசிக்கறாங்க. கேம் மெதுவாயிடுச்சுன்னு ஒருத்தன் புலம்பறான். எனக்கு அது நல்லதாத்தான் படுது.

ரூம்மேட் கொம்பனை ரெண்டாப் பிரிச்சுட்டான். ஒண்ணு பீரங்கியோட, ஆள் இல்லாம. இன்னொண்ணு டரெட் இல்லாம, எஞ்சின் முன்னால, பின்னால அகலமா ஒரு கதவு, எட்டு இருக்கை. ரெண்டும் ரிக் லாரி மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு போகும். போன வெள்ளிக்கிழமை அவன் தோத்துட்டான். ஆள் வண்டி பாலத்துக்கிட்டயே அடிபட்டுச்சு. ஒவ்வொரு பொம்மைக்கா உருட்டினோம், எட்டுல ஆறு பேர் வாய்க்கால் கரைக்கு வந்து சேர்ந்தாங்க. தோத்தவன் ஆறு பொம்மையையும் கரையில வரிசையா நிறுத்தி போட்டோ எடுத்துக்கிட்டான். மிச்சம் ரெண்டு பேர் எந்த இருக்கைன்னு படத்துல பார்த்தோம். ரெண்டும் மூலை. இந்த வாரம் அந்தக் கதவை எப்படி இன்னும் அகலமாக்கலாம்னுதான் வரைஞ்சுக்கிட்டிருக்கான்.